சிஸ்டர் அடெல்குண்டாவின் காது

மடக்குக் கட்டிலின் தலைமாடு அடுப்புக்குப் பக்கத்திலும் கால்மாடு உருளைக்கிழங்குக் கூடையை இடித்துக்கொண்டும் இருந்தால்தான் அந்தச் சமையலறையில் ஒரு ஆண்பிள்ளை காலை நீட்டிப் படுக்க முடியும். உமாபதி இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. இரண்டாவது வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் தாங்காது, சிஸ்டர் அடெல்குண்டாவிடம் கேட்டே விடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தான்.

கட்டிலைச் சமையலறையில் போட்டது அவன் மனைவி வத்சலா. கோபமெல்லாம் இல்லை. காப்பியில் சர்க்கரை குறையவில்லை, சட்டை இஸ்திரி போடாமல் இருந்ததில்லை. ராத்திரி ஆனால் மட்டும் கட்டில் சமையலறைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் அவர்கள் இருந்த எசன் நகர நூலகத்தில் வத்சலாவுக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இதற்கு முன்னாலும் ஒரு தடவை கிடைத்ததுதான். அப்போது சின்னவன் வயிற்றில் வந்தான். சேர வேண்டிய நாளன்று அவள் நூலகத்து வாசல்படியிலேயே வாந்தி எடுத்தாள். இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை நூலகத்து அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்து, வயிற்றிலே பார்வையை நிறுத்தி, வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லச் சொல்லியிருந்தாள். அது எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டு, ஒரு மாதத் தவணை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் வத்சலா.

"டிரெய்னிங் முடியிற வரைக்கும் மூணாவது கிடையாது. மாத்திரை இருக்காம், பார்க்ல அந்தச் சுரங்கக்காரர் சம்சாரம் சொன்னா. அது கைக்கு வர வரைக்கும் நீங்க கிச்சன்ல இருங்க," என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குப் பேரு என்ன தெரியுமா? பில்லெ. பிள்ளை வராம இருக்கிற மாத்திரைக்குப் பேரே பிள்ளையாம்."

உமாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் வேலை பார்த்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நல்ல வேலை. குடியிருந்ததும் ஆஸ்பத்திரி கொடுத்த வீடு. நோய் நொடி என்றால் குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி செலவில் வைத்தியம். வேலையில் சேர்ந்த அன்று பாதர் லாம்பெர்ட் என்ற பாதிரியார் அவனை உட்காரவைத்து ஒரு நிபந்தனையை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். இந்த வீட்டின், அதாவது இந்த ஆஸ்பத்திரியின், கத்தோலிக்க விசுவாசத்துக்கு மாறான எந்த வைத்தியத்தையும் இந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் கேட்கக் கூடாது, வெளியே போய்ச் செய்துகொண்டதாகத் தெரிந்தாலும் விசாரணை உண்டு. அப்போது அவனுக்கு ஜெர்மன் பாதி புரியும், பாதி புரியாது. முழுவதற்கும் தலையை ஆட்டிவைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அவன் ஊரான மாயவரத்தில் சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து, ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, வா வா என்று கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அப்போது அந்த ஜீப்பைக் கண்டாலே சந்துக்குள் புகுந்துகொண்டவன் அவன். இப்போது அவனே போய்க் கேட்டு நிற்க வேண்டும். அதுவும் ஒரு கன்னியாஸ்திரீயிடம்.

சிஸ்டர் அடெல்குண்டாதான் வேலைக்காரர்களின் வைத்தியத்துக்கு எல்லாம். யார் எந்த டாக்டரிடம் போகலாம், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயா வெளியேயா, எல்லாம் அவர் வாய்ச்சொல். ஆஜானுபாகுவான அம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் நடந்து வந்தால் சாவிச் சத்தம் முன்னால் வந்து சொல்லும்.

உமாபதி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். பக்கத்து அறையில் பாதர் லாம்பெர்ட் தொலைபேசியில் பேசுவது கேட்டது. என் மனைவிக்கு என்று ஆரம்பித்தான். அங்கேயே நின்றுவிட்டான். மறுபடியும் என் மனைவிக்கு என்றான். பிறகு மேஜை மேலிருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, ரகசியம் மாதிரி, "பில்லெ" என்றான்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பிரில்லெ," என்றார்.

"இல்லை சிஸ்டர். பில்லெ."

"பிர்ரில்லெ. நாக்கை நன்றாக உருட்டிச் சொல்லுங்கள், ஹெர் உமாபதி. பிரில்லெ."

அவன் உச்சரிப்பைத் திருத்தாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. தரை துடைக்கிறவர்கூடத் திருத்துவார். அந்தப் பழக்கத்தில் அவனும் நாக்கை உருட்டி "பிரில்லெ" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் உறைத்தது. பிரில்லெ என்றால் மூக்குக் கண்ணாடி.

சிஸ்டர் திருப்தியாகத் தலையசைத்தார். எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். இரண்டு என்றான். அப்படியானால் சரி, இரண்டு குழந்தை பெற்ற பிறகு பல பெண்களுக்குப் பார்வையில் கோளாறு வரத்தான் செய்கிறது என்றார். எதிர்ச் சாரியில் ரொட்டிக் கடைக்கு மேலே கண் டாக்டர் ஃபோகல் இருக்கிறார், சிஸ்டர் அனுப்பினார் என்று சொன்னால் போதும், செலவு ஆஸ்பத்திரியுடையது. "உங்கள் மனைவி மட்டும் போகட்டும். நீங்கள் வேண்டாம்," என்று முடித்தார்.

இப்படியாக, மாத்திரை கேட்கப் போனவன் கண்ணாடியோடு வந்தான்.

வீட்டில் வத்சலாவிடம் விஷயத்தைச் சொன்னான். வெண்டைக்காய் கிடைக்காத ஊரில் அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"என் கண்ணுக்கு என்ன கேடு? அந்தக் கோடியில வர டிராம் நம்பரை உங்களுக்குப் படிச்சுச் சொல்றது யாரு?"

"நீதான்."

"நான் போக மாட்டேன். காது கேக்காத அம்மாகிட்ட ரகசியம் பேசினா இப்படித்தான். நாளைக்குப் போயி சத்தமா கேளுங்க."

சத்தமாகக் கேட்பதா? அவனுக்கு நினைத்தாலே வேர்த்தது. அதற்குள் இன்னொரு தொல்லை முளைத்தது. நடைபாதையில் சாவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிஸ்டர் அவனை நிறுத்தி, உங்கள் மனைவி கண் டாக்டரிடம் போனாரா என்று விசாரிக்க ஆரம்பித்தார். இன்னும் இல்லை சிஸ்டர். ஏன் இல்லை? இந்த வாரம் போவாள் சிஸ்டர். தள்ளிப்போடக் கூடாது, ஹெர் உமாபதி, இதிலெல்லாம் ஒரு நாள் அசட்டையாக இருந்தாலும் பிறகு வருத்தப்பட நேரும். கண்ணாடிக்கு இவ்வளவு அக்கறையா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெர்மானியர்களுக்கு எதிலும் ஒரு ஒழுங்கு என்று எண்ணிக்கொண்டான்.

கன்னியாஸ்திரீயிடம் தினமும் பொய் சொல்வது பாவம். வீட்டைக் கொடுத்திருப்பவரிடம் சொல்வது ஆபத்தும்கூட. அவள் போகாவிட்டால் என்ன, நாமே போய்வந்துவிடுவோம் என்று கிளம்பினான். தனக்கே ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் கணக்குக்கு ஒரு கண்ணாடி வந்ததாகிவிடும் அல்லவா.

ரொட்டிக் கடைக்கு மேலே கதவில் டாக்டர் ஃபோகல் என்று பித்தளைப் பலகை. அதற்குக் கீழேயே இன்னொரு பலகை, அதிலும் டாக்டர் ஃபோகல். ஒன்று போதாதா என்று நினைத்தான். உள்ளே காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. எல்லோரும் இளம் பெண்கள். ஒருத்தி ஊசிமுனை மாதிரி நுணுக்கமாக நூல் பின்னிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பொடி எழுத்துப் பத்திரிகையைத் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கெல்லாம் கண்ணில் என்ன குறை என்று அவனுக்குப் புரியவில்லை. அவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை.

டாக்டர் ஃபோகல் மெலிந்த மனிதர். சிஸ்டர் அடெல்குண்டா அனுப்பினார் என்றதும் கையில் இருந்த விளக்கை அணைத்தார்.

"உங்களையா அனுப்பினார்?"

"என் மனைவியை. அவளுக்குப் பதிலாக நான்."

டாக்டர் சற்று யோசித்தார். "இதில் பதிலுக்கு ஆள் வர முடியாது," என்றார் மெதுவாக. "உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவரை அனுப்புங்கள்."

கண்ணையாவது பாருங்கள் என்று கெஞ்சினான். பார்த்தார். கழுகுக் கண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியின் திருநாள். முற்றத்தில் மேஜை போட்டுக் காப்பியும் கேக்கும் பொரித்த கறியும் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியம். குடும்பத்தோடு வரச் சொல்லி எல்லோருக்கும் அழைப்பு. சிஸ்டர் வத்சலாவை நேரில் பார்ப்பார், கண்ணாடி எங்கே என்பார். உமாபதி சனிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிவந்தான். யாரோ கிழவியம்மாளுடையது. ஆமை ஓட்டு விளிம்பு, சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரிக் கண்ணாடி.

"ஒரே ஒரு நாள், வத்சலா. அந்தம்மா மனசு குளிர்ந்தா அடுத்த வாரமே விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடுறேன். ப்ராமிஸ்."

வத்சலா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலகத்தையும் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. போட்டுக்கொண்டாள்.

போட்ட நிமிடத்திலிருந்து அவளுக்கு உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. உமாபதி ஒரு கையில் சின்னவனையும் மறுகையில் அவளையும் பிடித்துக்கொண்டு போனான். மூத்தவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து வழிகாட்டினாள். முற்றத்து ஓரத்தில் ஒரு கோட் ஸ்டாண்டில் பாதர் லாம்பெர்ட் தன் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் மாட்டியிருந்தார். வத்சலா அதன் எதிரே நின்று கைகூப்பி, வணக்கம் ஃபாதர், எல்லோரும் சுகமா என்று ஜெர்மனில் விசாரித்தாள். பதில் வராததால் ஆள் கொஞ்சம் கர்வி என்று தமிழில் சொன்னாள்.

சாவிச் சத்தம் கேட்டது. சிஸ்டர் அடெல்குண்டா வந்தார். வத்சலாவின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கேக்குத் தட்டு சாய்ந்தது.

"இது என்ன?"

"பிரில்லெ, சிஸ்டர்," என்றான் உமாபதி பெருமையாக. இந்தத் தடவை நாக்கை நன்றாகவே உருட்டினான்.

சிஸ்டர் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். அவனைத் தனியே அழைத்துப் போய், டாக்டர் ஃபோகல் கொடுத்தது இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றான். தினமும் தவறாமல் போடுகிறாரா? தினமும் சிஸ்டர், படுக்கப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுவாள்.

"படுக்கப் போகும்போது கழற்றிவிட்டால் பிறகு அதனால் என்ன பிரயோஜனம்?" என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு அவர் முகம் சிவந்துபோயிற்று.

உமாபதி அந்தச் சிவப்பைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிவிட்டது. முதுகு வலித்தது. அந்தப் பக்கம் வத்சலா சர்க்கரை என்று நினைத்து உப்பை எடுத்துக் காப்பியில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. சத்தமாகக் கேளுங்கள் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பேண்டு வாத்தியம் வேறு காதைப் பிளந்தது. அதையும் மீறிக் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"பிரில்லெ இல்லை சிஸ்டர். பில்லெ. பில்லெ."

முதல் பில்லெக்கும் இரண்டாவது பில்லெக்கும் நடுவில் பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. இரண்டாவது பில்லெ முற்றம் முழுவதும் போய், எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன. பாதர் லாம்பெர்ட் கேக்கை விழுங்கிவிட்டு எழுந்து வந்தார். இந்த மனிதர் எதைக் கேட்கிறார் என்று சிஸ்டரிடம் வினவினார். குரல் தணிந்துதான் இருந்தது. அந்த மாத்திரை கூடாது என்று போப்பாண்டவர் ரோமாபுரியிலிருந்து மூன்று வருடத்துக்கு முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்த வீட்டுச் சம்பளத்தில், இந்த வீட்டுக் கூரையின் கீழ் இருந்துகொண்டு, என்று ஆரம்பித்தார். கூரை என்ற சொல் காதில் விழுந்ததும் உமாபதிக்கு வீடு, வேலை, விசா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் போயின.

சிஸ்டர் அடெல்குண்டா குறுக்கே வந்து நின்றார்.

"ஃபாதர், அவர் கேட்டது பில்ட்ஸெ. காளான். இவர்கள் மாமிசம் சாப்பிடாதவர்கள் அல்லவா? மேஜையில் எல்லாம் கறியாக இருக்கிறதே, எனக்குக் காளான் கிடையாதா என்கிறார். பாவம், உச்சரிப்பு அப்படி."

பாதர் லாம்பெர்ட்டின் முகம் தெளிந்தது. நல்ல மனிதர், பாருங்கள். விருந்தாளியைப் பட்டினி போட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. இனிமேல் இந்தக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து தினமும் காளான் போகட்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியம் மறுபடி ஆரம்பித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய எனாமல் கும்பா நிறையக் காளான் வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு நாய்க்குடை," என்றாள் வத்சலா. "எருமேட்டுல முளைக்கும். ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். மொதல்ல கண்ணாடி வந்தது, இப்ப குடை வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா ரெயின்கோட்டும் தருவாங்க போலிருக்கு."

குழந்தைகள் இரண்டும் காளானை விரும்பிச் சாப்பிட்டன. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று ராத்திரி கட்டிலை விரித்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். இப்போது கேலி இல்லை.

"வெள்ளிக்கிழமை லைப்ரரி அம்மாகிட்ட என்ன சொல்றது? வரேன்னு சொல்லிட்டு, மறுபடியும் அந்த வாசப்படியில வாந்தி எடுத்தா அப்புறம் அந்தப் பக்கமே என்னால போக முடியாதுங்க. வேணாம்னே சொல்லிடட்டுமா?"

உமாபதி கட்டிலை அப்படியே விட்டுவிட்டு அவளருகே வந்தான். சொல்லாதே, நாளைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்றான்.

விடிய விடிய யோசித்து அவன் கண்டுபிடித்த முடிவு இது. கோளாறு தன் நாக்கில் இல்லை, சிஸ்டரின் காதில். பில்லெ என்றால் பிரில்லெ என்று விழுகிறது, கத்தினால் பில்ட்ஸெ என்று விழுகிறது. முதலில் அந்தக் காதைச் சரிபண்ண வேண்டும். இதே ஆஸ்பத்திரியில் காது டாக்டர் இருக்கிறார். அவரிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னால் சிஸ்டரைக் கூப்பிட்டுப் பரிசோதித்துவிடுவார். சிஸ்டருக்கும் ஒரு உபகாரம்.

புதன்கிழமை காலை, கழுவிய கும்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். வாசற்காவல்காரர் கோவால்ஸ்கி தன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். யுத்தம் முடிந்த காலத்திலிருந்து அதே கூண்டில் இருப்பவர். யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

காது டாக்டருக்கு எந்த மாடி என்று கேட்டான் உமாபதி.

"யாருக்குக் காது?"

உமாபதி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். கூண்டின் துவாரத்துக்குக் குனிந்து, சிஸ்டர் அடெல்குண்டாவுக்கு என்றான். பாவம், வயதாகிவிட்டது, என்ன சொன்னாலும் வேறு ஏதோ விழுகிறது. மாத்திரை என்று கேட்டால் கண் டாக்டரிடம் போ என்கிறார். இன்னும் சத்தமாகக் கேட்டால் காளான் கொடுக்கிறார்.

கோவால்ஸ்கி ரொட்டி மெல்லுவதை நிறுத்தினார். கும்பாவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நடந்ததை அவரும் பார்த்திருந்தார். கூண்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"அந்தம்மாவுக்குக் காதா? கோயில்ல கடைசி வரிசையில எவனாவது பொத்தானை உண்டியல்ல போட்டா, காசா பொத்தானான்னு முதல் வரிசையிலேர்ந்து சொல்லுவாங்க."

கோவால்ஸ்கி எதிர்ச் சாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"ரொட்டிக் கடை மாடியில ரெண்டு பலகை இருக்கே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒரே பெயரை இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள்."

"ஒண்ணு புருஷன், கண் டாக்டர். இன்னொண்ணு பொண்டாட்டி, பெண்களுக்கான டாக்டர். இந்தக் கோயிலைச் சேர்ந்தவங்க இல்லை, வேற கோயில். அந்த டாக்டரம்மா எதைக் கொடுத்தாலும் இங்க வர பில்லுல கண்ணுன்னுதான் இருக்கும். எனக்குப் பிள்ளைங்க மூணோட நின்னுதே, எப்படின்னு நினைச்சீங்க?"

உமாபதியின் கக்கத்திலிருந்து கும்பா நழுவிப் படியில் விழுந்து, சுழன்று, சத்தம் போட்டு அடங்கியது. கோவால்ஸ்கி குனிந்து அதை எடுத்து, தூசியைத் தட்டி, அவன் கையில் கொடுத்தார்.

"சிஸ்டர் இந்த வாசல் வழியா எத்தனையோ பொம்பளைங்களைக் கண்ணாடிக்கு அனுப்பியிருக்காங்க, ஐயா," என்றார். "ஆனா இத்தனை வருஷத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து நின்னது உங்க வீட்டம்மா ஒருத்தர்தான்."